வலிக்கும் கையுறை

வலியைப் போக்குவதற்குத்தான் மருத்துவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வலியை உண்டாக்கப் பல காலம் உழைத்துத் தோற்றுப்போன மருத்துவர் ஒருவர் இருந்தார். பெயர் பால் பிராண்ட். 1914ல் கொல்லிமலையில் ஒரு மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, ஏறக்குறைய இருபது வருடம் அறுவை மருத்துவராக இருந்துவிட்டு, 1966ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற ஊரிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அரசு உதவிப் பணத்தில், எஞ்சினியர்களைக் கூட வைத்துக்கொண்டு, உணர்ச்சியற்ற கைகளுக்கு வலியைத் திருப்பித் தரும் ஒரு கையுறையைச் செய்யப் பார்த்தார்.

டிரான்ஸ்ஹியூமனிசம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கையுறைதான் ஞாபகம் வரும். அந்தச் சொல்லைத் தமிழில் ‘மனிதம் கடத்தல்’ என்று எழுதலாம் என ஆசைப்பட்டேன். ஒரு எழுத்து பிசகினால் மனிதக் கடத்தல் ஆகிவிடும், போலீஸ் கேஸ். அதனால் டிரான்ஸ்ஹியூமனிசம் என்றே இருக்கட்டும். நோயை நீக்குவதோடு நிற்காமல் மூப்பை, மறதியை, சோர்வை, கடைசியில் மரணத்தையும் தொழில்நுட்பத்தால் தாண்டிவிடலாம், தாண்ட வேண்டும் என்கிற நம்பிக்கை அது. மூளைக்குள் சிப், திருத்திய மரபணு, சர்வரில் ஏற்றிய மனம் என்று அதன் கனவுகள் நீளும். நான் வேலை செய்யும் துறையில் இந்த நம்பிக்கை கிட்டத்தட்ட காற்றில் இருக்கிறது. யாரும் அதைக் கொள்கையாகச் சொல்வதில்லை. மனித உடம்பை ‘லெகஸி சிஸ்டம்’ என்று கேன்டீனில் ஜோக்கடிப்பார்கள். அதுவே அந்தக் கொள்கையின் முழு அறிக்கை.

நான் ஆம்பூர்ப் பக்கத்து லுத்தரன் குடும்பத்துப் பிள்ளை. ஞாயிறு பள்ளியும் எஞ்சினியரிங்கும் சேர்ந்து வளர்த்த ஆள். எனவே இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு காதுகள். ஒன்றில் ஒலிப்பது மற்றதற்குக் கேட்காமல் இருப்பதில்லை.

கிறித்தவத்துக்கும் டிரான்ஸ்ஹியூமனிசத்துக்கும் உள்ள உறவை வெறும் பகையாக நினைப்பவர்கள் அதன் குடும்ப மரத்தைப் பார்ப்பதில்லை. மனித நிலையைத் தாண்டுவதற்கென்று தாந்தே தன் சொர்க்கக் காண்டத்தில் ஒரு புதுச் சொல்லையே உருவாக்கினார். இன்றைய சொல்லின் பழைய சாயல் அதில் உண்டு. நான்காம் நூற்றாண்டு அத்தனாசியுஸ், மனிதன் தெய்வத்தன்மை அடையத்தான் கடவுள் மனிதனானார் என்று வாதிட்டவர். மாஸ்கோவில் நூலகராக இருந்த நிக்கொலாய் ஃபியோதரோவ், இறந்துபோன மூதாதையர் எல்லோரையும் அறிவியலால் உயிர்ப்பிப்பதே மனிதகுலத்தின் பொதுக் கடமை என்று நம்பிய ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர். தெயார் தெ சார்தன் ஏசு சபைத் துறவி. இந்தச் சொல்லைப் பரப்பிய ஜூலியன் ஹக்ஸ்லி மத நம்பிக்கை இல்லாதவர். ஆனால் 1957ல் ‘டிரான்ஸ்ஹியூமனிசம்’ கட்டுரை வந்த நூலுக்கு அவர் வைத்த பெயர், புது மதுவுக்குப் புதுப் புட்டிகள். ஏசுவின் உவமை. அந்த உவமையில் வருவது கண்ணாடிப் புட்டி அல்ல, தோல் துருத்தி. பழைய துருத்தியில் புது ரசத்தை ஊற்றினால் தோல் கிழிந்துவிடும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாத உவமை அது.

நமக்கும் இந்த ஆசை புதிதில்லை. காயகல்பம் தேடிய சித்தர்கள் இருந்த மொழி இது. மரணமில்லாப் பெருவாழ்வு பற்றி வள்ளலார் பேசி நூற்றைம்பது வருடம்தான் ஆகிறது. வள்ளலாருக்கு அந்தப் பெருவாழ்வின் வாசல் ஜீவகாருண்யம் என்பதை மட்டும் இங்கே குறித்துவைத்துக்கொள்கிறேன். சிலிக்கான் பள்ளத்தாக்கில் அப்படியொரு வாசல் இருப்பதாகத் தெரியவில்லை.

இன்றைய கிறித்தவர்கள் பொதுவாக இரண்டு பதில்கள் சொல்கிறார்கள். ஒன்று, கடவுளின் வேலையில் கை வைக்காதே. இன்னொன்று, கடவுளோடு சேர்ந்து படைப்பதுதானே மனிதனுக்குத் தரப்பட்ட வேலை, அதனால் தைரியமாகக் கை வை. அமெரிக்காவில் கிறித்தவ டிரான்ஸ்ஹியூமனிஸ்டுகளுக்கு ஒரு சங்கமே இருக்கிறது. 2025 ஜனவரியில் செயற்கை நுண்ணறிவு பற்றி வத்திக்கான் வெளியிட்ட ‘ஆன்டிக்வா எட் நோவா’ இரண்டுக்கும் நடுவில் நின்று, மனித அறிவு உடம்போடு பிறந்தது என்பதை வலியுறுத்தியது. எனக்கு முதல் பதிலில் பொறுமை இல்லை. வேலூரில் வளர்ந்தவன் அதைச் சொல்லவும் முடியாது.

ஐடா ஸ்கடர் 1900ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடம், பின்னாளில் இந்தியாவின் முதல் திறந்த இதய அறுவைகளில் ஒன்றைச் செய்தது. அதாவது, ஒரு மனிதனின் இதயத்தை நிறுத்தி, எந்திரத்தை வைத்து ரத்தத்தை ஓடவிட்டு, பிறகு இதயத்தைத் திரும்ப ஓடவைத்தார்கள். ஜெபம் செய்துவிட்டுத்தான் செய்திருப்பார்கள். அதே சி.எம்.சி.யும் அதன் தண்டுயிரணு ஆய்வு மையமும் சேர்ந்து கடும் ஹீமோஃபிலியா-ஏ உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை அளித்த செய்தி 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. அவர்களுடைய ரத்தத் தண்டுயிரணுக்களை எடுத்து, வைரஸ் ஒன்றின் முதுகில் ஏற்றி அனுப்பிய மரபணுவை அதில் பதித்து, திரும்ப உடம்புக்குள் விட்டார்கள். ஐந்து பேரின் கண்காணிப்புக் காலத்தையும் கூட்டினால் 81 மாதம். அதில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. மூட்டுக்குள் ரத்தம் கசிந்து முழங்கால் வீங்கி ராத்திரி முழுக்கக் கத்திய ஒருவரிடம் போய், உன் மரபணு கடவுளின் கையெழுத்து, அதைத் திருத்தக் கூடாது என்று எந்தப் போதகர் சொல்வார்?

சிகிச்சை சரி, மேம்பாடு தப்பு என்று கோடு கிழிக்கலாம் என்பார்கள். அந்தக் கோடு நான் பார்த்தவரை நிற்பதில்லை. தடுப்பூசி இல்லாத நோயெதிர்ப்பைத் தருகிறது. அது மேம்பாடுதான். கண்ணாடி போட்ட என் கண் எந்த வகை? டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் சி.எம்.சி. குழுவோடு போன வண்டி விபத்துக்குள்ளாகி, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவைகள் இருக்கின்றன என்று பால் பிராண்ட் அவரைத் தொழுநோயாளிகளின் கை அறுவைக்குக் கொண்டுவந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்து, மடங்கிப்போன விரல்களை அவர் நிமிர்த்தினார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் படித்துவிட்டு வந்து, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை நடத்தினார். 1966ல் அதற்கென்று தனி நிலையமே வந்தது. நாற்காலி அவருடைய பழைய உடம்பைத் திருப்பித் தரவில்லை. இருந்த உடம்புக்கு வேறொரு வாழ்க்கையைத் திறந்தது. இது சிகிச்சையா, மேம்பாடா என்ற கேள்வியே எனக்குக் கொஞ்சம் அசட்டுத்தனமாகப் படுகிறது.

ஆகவே எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்வியை விட்டுவிட்டு, அந்தக் கையுறைக்கு வருகிறேன்.

பிராண்ட் 1947ல் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு ராபர்ட் காக்ரேனைப் பார்க்கப் போனபோது, விரல் மடங்கிய ஒரு நோயாளியோடு கை குலுக்கினார். பிடி இரும்பு மாதிரி இருந்தது. தசை உயிரோடுதான் இருக்கிறது என்று அப்போது புரிந்தது. உயிருள்ள தசைநாரை இடம் மாற்றித் தைத்து விரலை நிமிர்த்தும் அறுவையை வேலூரில் வளர்த்தெடுத்தார். நோயாளிகள் தங்கித் தொழில் கற்க நவ ஜீவ நிலையம் வந்தது. 1955ல் கரிகிரி ஆய்வு மையம் தொடங்கியது. ஆனால் சரி செய்து அனுப்பிய கைகள் புதுப்புதுக் காயங்களோடு திரும்பி வந்தன. தொழுநோய் சதையை அழுகவைக்கிறது, விரல்கள் தானாக விழுகின்றன என்பதே அன்றைய நம்பிக்கை. பிராண்ட் ஒவ்வொரு காயத்துக்கும் துப்பறிவாளர் மாதிரி காரணம் தேடினார். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் திணறியபோது, ஒரு சிறுவன் வந்து சாவியை ஒரே திருகில் திருப்பினான். அவன் விரலில் எலும்பு தெரியுமளவு வெட்டு. அவனுக்கு அது தெரியவே இல்லை. அவனிடம் அசாத்திய பலம் எதுவும் இல்லை. போதும், விடு என்று நம் விரலைத் தடுக்கிற ஒன்று அவன் விரலில் இல்லை.

விரல்களைத் தின்றது தொழுநோய்க் கிருமி நேரடியாக அல்ல. கிருமி நரம்பைக் கொன்றது. மற்றதைச் சுடுபானையும் கத்தியும் செருப்பு ஆணியும் செய்தன. வலியின்மைதான் நோய்.

இந்தக் கண்டுபிடிப்பு பிராண்டை எவ்வளவு ஆட்டியது என்பதற்கு ஒரு இரவு சாட்சி. இங்கிலாந்துக்குப் போயிருந்தபோது குதிகாலில் உணர்ச்சி இல்லாததுபோல் பட்டது. ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. தனக்கும் வந்துவிட்டது என்று விடிய விடிய விழித்திருந்தார். காலையில் மறுபடி குத்தியபோது சுரீரென்று வலித்தது; பயணத்தில் மரத்துப்போயிருந்த நரம்பு, அவ்வளவுதான். வலித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னதாகத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

கார்வில் திட்டத்தின் தர்க்கம் எந்த எஞ்சினியருக்கும் பிடிக்கும். வலி என்பது தகவல். தகவலைச் சென்சார் தரும். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை அளக்கும் கருவிகளை வைத்தார்கள். அளவு மீறினால் காதில் வைத்த கருவியில் சத்தம் வரும். நோயாளிகள் சத்தத்தைக் கேட்டார்கள், திருப்புளியைத் தொடர்ந்து அழுத்தினார்கள். விளக்கு எரிய வைத்தார்கள். விளக்கைப் பார்த்தார்கள், வேலையைத் தொடர்ந்தார்கள். கடைசியில், உணர்ச்சி மிச்சமிருந்த அக்குளில் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அது வேலை செய்தது, ஒரு விதத்தில். அதிர்ச்சி வரும் என்று தெரிந்த வேலையைச் செய்யும் முன் நோயாளிகள் கருவியை அணைத்துவிட்டு, வேலையை முடித்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார்கள். இவர்கள் முட்டாள்கள் இல்லை. கையைக் காப்பாற்ற வேண்டும் என்று மனதார விரும்பி இந்தச் சோதனைக்கு வந்தவர்கள். பிராண்ட் கடைசியில் கண்டது இதுதான்: ஸ்விட்ச் நோயாளியின் கையில் இருக்கும்வரை அது வலி ஆகாது. கருவிகளும் விலை அதிகம், சீக்கிரம் பழுதாயின. திட்டம் கைவிடப்பட்டது.

என் வேலை இதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. சர்வர்களின் உடல்நிலையைப் பார்க்கிற மென்பொருளில் என் குழு வேலை செய்கிறது. எங்கே நினைவகம் நிரம்புகிறது, எங்கே கோரிக்கைகள் தேங்குகின்றன என்று ஆயிரக்கணக்கான சென்சார்கள் கத்திக்கொண்டே இருக்கும். இந்தத் துறையில் இருக்கிற எல்லோருக்கும் ‘அலர்ட் அலுப்பு’ தெரியும். மணி அடித்துக்கொண்டே இருந்தால் மனிதன் மணியை ‘மியூட்’ செய்வான். ஐ.சி.யூ. நர்ஸுகளுக்கும் இதே கதைதான். நாங்கள் ஒவ்வொரு வருடமும் இன்னும் புத்திசாலியான அலர்ட்டைக் கட்டுகிறோம். அதோடு இன்னும் வசதியான மியூட் பட்டனையும் கட்டுகிறோம். வாடிக்கையாளர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

என் அத்தை ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருபது வருடம் மெஷின் ஓட்டியவர். பிராண்டின் கையுறையைப் பற்றி அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

“ஊசி ஏறுச்சின்னா கை தானா பின்னாடி வந்துரும்டா. யோசிச்சிட்டா எடுக்கறோம்?”

“மெஷின்ல விரலுக்கு கார்டு இருக்குமே அத்தே?”

“இருக்கும். அது போட்டா பீஸ் கணக்கு வராது. சூப்பர்வைசரே கழட்டிட்டு தைக்கச் சொல்லுவாரு.”

சொல்லிவிட்டுத் தன் ஆள்காட்டி விரலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அது எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. கார்டைக் கழற்றச் சொன்னவரின் விரல் ஊசிக்கு அடியில் இல்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கார்வில்லில் ஸ்விட்சும் காயமும் ஒரே உடம்பில் இருந்தன, அப்போதே அணைத்தார்கள். ஸ்விட்ச் ஒருவர் கையிலும் காயம் இன்னொருவர் கையிலும் இருந்தால்?

இதற்கு எங்கள் பாலாற்றங்கரையில் பதில் கிடைக்கும். தோல் பதனிடுவது என்பதே ஒரு வகையில் மரணத்தைத் தள்ளிப்போடும் தொழில்நுட்பம். உரித்த தோல் உப்பு போடாவிட்டால் ஓரிரு நாளில் நாறிவிடும். ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதப்படுத்தியது அந்தக் காலம். 1970களில் பச்சைத் தோல் ஏற்றுமதி தடைப்பட்டு, முழுதாகப் பதனிட்ட தோலுக்கு அரசு ஊக்கம் கொடுக்க, குரோமியம் பரவலாயிற்று. குரோமிய உப்பு தோலின் கொலாஜன் இழைகளைக் குறுக்கே கட்டிவிடுகிறது; பாக்டீரியா தின்ன முடியாது, வெந்நீர் சுருக்க முடியாது. டிரம்மிலிருந்து வெளியே வரும்போது அந்தத் தோல் வெளிர் நீலமாக இருக்கும். சாகாத தோல். சுண்ணாம்பும் உப்பும் குரோமியமும் ஆற்றுக்குப் போயின.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பு வந்தது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எல்லோரும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டியது அதுதான். அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்ன ஆய்வின்படி, டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போயிருந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவற்றில் ஆன்லைன் கண்காணிப்புக் கருவிகள் பொருத்த வேண்டும், அளவீடு நேரே வாரியத்தின் சர்வருக்குப் போக வேண்டும் என்று 2014ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. இது பிராண்டின் கையுறையேதான். ஆற்றுக்குச் சென்சார் வைத்த செயற்கை வலி.

அதற்கு அடுத்த வருடம், 2015 ஜனவரி 31 விடியுமுன், ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். 1996 தீர்ப்புக்கு இருபத்தெட்டு வருடங்களுக்கு மேல் கழித்து, 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக, அதே இழப்பீட்டுக்காக, இன்னொரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. தகவலுக்குப் பஞ்சமா இருந்தது? கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்த எந்தப் பாட்டிக்கும் தெரியும்.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில் சபையை ஓர் உடம்பாகச் சொல்கிறார். ஓர் உறுப்பு பாடுபட்டால் எல்லா உறுப்பும் கூடப் பாடுபடும் என்கிறார். ஞாயிறு பள்ளியில் இது ஒற்றுமை பற்றிய நல்லுரையாகத்தான் எனக்குச் சொல்லப்பட்டது. பிராண்டைப் படித்த பிறகு, இது நரம்பியல் என்று தோன்றியது. கால் புண்பட்டால் கண் தூங்காமல் இருப்பது ஓர் உடம்பு உயிரோடு இருப்பதற்கு அடையாளம். நல்லெண்ணத்துக்கு அங்கே வேலையே இல்லை. கண் தூங்குகிறதென்றால் நடுவில் எங்கேயோ நரம்பு செத்திருக்கிறது. எங்கள் மாவட்டங்களில் வலி இல்லாமல் இல்லை. அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்வதில்லை.

டிரான்ஸ்ஹியூமனிசத்தின் மேல் என் சந்தேகம் இங்கேதான். பணக்காரர்களுக்கு மட்டும் கிடைக்கும் என்ற வழக்கமான குற்றச்சாட்டு உண்மைதான். ஆனால் அது எல்லாத் தொழில்நுட்பத்துக்கும் பொருந்தும், விலை குறைந்தால் தீர்ந்துவிடும். தீராதது இன்னொன்று. டேவிட் பியர்ஸ் என்ற பிரிட்டிஷ் சிந்தனையாளர் 1995ல் எழுதிய ‘ஹெடோனிஸ்டிக் இம்பரேட்டிவ்’ என்ற அறிக்கையில் துன்பத்தையே உயிர்த்தொழில்நுட்பத்தால் ஒழிக்க வேண்டும் என்கிறார். எச்சரிக்கை வேண்டுமென்றால் வலிக்குப் பதிலாக இன்பத்தின் அளவைக் கூட்டிக் குறைத்துத் தகவல் தரலாம் என்பது அவர் யோசனை. அவரை இளக்காரமாகப் பேச மாட்டேன். அவர் விலங்குகளின் துன்பத்தையும் கணக்கில் எடுப்பவர், இரக்கத்தில்தான் தொடங்குகிறார். ஸ்காட்லாந்தில் ஜோ கேமரன் என்ற பெண்மணியின் மரபணுவில் உள்ள மாற்றத்தை 2019ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். வலியும் பதற்றமும் அவருக்கு ஏறக்குறைய கிடையாது. அறுபது வயதைத் தாண்டிக் கையில் அறுவை செய்தபோது வலிமருந்து தேவைப்படாததால்தான் மருத்துவர்கள் கவனித்தார்கள். சந்தோஷமான, அன்பான பெண்மணி. பியர்ஸ் தரப்புக்கு அவர் நடமாடும் சாட்சி. அதே பெண்மணிக்குத் தன் தோல் சுடுவது, கருகும் வாசனை வந்த பிறகே தெரிந்திருக்கிறது.

தகவல் போதும் என்பவர்களுக்குக் கார்வில் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. வலியில் தகவல் கொஞ்சம்தான்; மீதி கட்டாயம். மனித உடம்பில் நாம் அணைக்க முடியாத ஒரு ஸ்விட்ச் இருப்பதால்தான் அடுத்தவரின் அலறல் நமக்கு அர்த்தமாகிறது. நமக்கும் அதே இடத்தில் வலிக்கும் என்ற ஒரே பொது மொழி அது. அதை ஒரு சாரார் அணைத்துவிட்டால், மிச்சமிருப்பவர்களின் வலி அவர்கள் திரையில் ஒரு அலர்ட்டாக மட்டும் வரும். அலர்ட்டை என்ன செய்வோம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த இடத்தில் ஒருவர் என்னைப் பிடித்து உலுக்க வேண்டும். வலியைப் போற்றுவது கிறித்தவத்தின் பழைய வியாதி ஆயிற்றே! சிலுவையைச் சுமந்துகொள் என்று சுமப்பவனிடமே மறுபடி மறுபடி சொன்ன மதம் அல்லவா? டேனரியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்ற தலித் கிறித்தவனுக்குப் பொறுமையையும் முதலாளிக்கு முன்வரிசை பெஞ்சையும் கொடுத்த சபைகளை நானும் பார்த்திருக்கிறேன். அந்த உபதேசத்துக்கும் பிராண்ட் சொல்வதற்கும் தூரம் அதிகம். வலி உடனே ஏதாவது செய்யச் சொல்கிறது. செய்தபின் அது போக வேண்டும். பதில் கிடைக்காமல் நீளும் வலி சித்திரவதை. பிராண்ட் மயக்கமருந்து இல்லாமல் யாரையும் அறுக்கவில்லை. பொறுத்துக்கொள் என்ற உபதேசமும் ஒரு மியூட் பட்டன்தான், அதுவும் ரொம்பப் பழைய மாடல்.

ஆதியாகமத்தில் ஒரு சின்ன வரி வரும், அதிகம் பிரசங்கிக்கப்படாதது. ஆதாமும் ஏவாளும் அத்தியிலையைத் தைத்துக்கொண்டார்கள். ஏதேனை விட்டு அனுப்பும் முன் கடவுள் அவர்களுக்குத் தோலில் உடை செய்து உடுத்துகிறார். நிஸ்ஸாவின் கிரகோரி போன்ற பழைய இறையியலாளர்கள் அந்தத் தோல் உடையைச் சாகக்கூடிய உடம்பு என்றே வாசித்தார்கள். தண்டனை போலத் தெரிந்தாலும் அதில் இரக்கம் உண்டு என்று. தோல் வேலை செய்தவர்களைத் தெருவுக்கு வெளியே நிறுத்திய நாட்டில் பிறந்த எனக்கு, அந்த வரியில் முதலில் தெரிவது உட்கார்ந்து தோல் தைக்கும் கடவுள்தான். தொழில்நுட்பத்துக்கு எதிரான மதம் இப்படித் தொடங்காது. குளிரும், முள் குத்தும் என்று தெரிந்த ஒருவர் இன்னொருவருக்குத் தைத்துக் கொடுப்பதாகத் தொடங்குகிறது.

உயிர்த்தெழுந்த உடம்பையும் கவனியுங்கள். பூட்டிய கதவுக்குள் வரும் உடம்பு, இனி சாகாத உடம்பு. எந்த டிரான்ஸ்ஹியூமனிஸ்டும் ஆசைப்படும் உடம்பு. அதில் ஆணித் தழும்புகள் அப்படியே இருக்கின்றன. தோமா அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறான். தொடு என்று கை நீட்டப்படுகிறது. பிறவியிலேயே எலும்புக் குறைபாட்டோடு வாழ்ந்த நான்சி ஐஸ்லாண்ட் 1994ல் ‘ஊனமுற்ற கடவுள்’ என்ற பொருள்படும் தலைப்பில் எழுதிய நூல் இந்தத் தழும்புகளிலிருந்துதான் தொடங்குகிறது. எல்லாம் முடிந்த பிறகும் அந்தத் தழும்பை ஏன் அழிக்கவில்லை? பக்கத்தில் வருபவன் விரலுக்குத் தட்டுப்பட ஒன்று வேண்டியிருக்கிறது என்று நான் வாசித்துக்கொள்கிறேன். முழுமையான உடம்பு என்றால் எதுவும் ஏறாத உடம்பு என்ற எண்ணத்துக்கு அந்தக் காட்சியில் இடமே இல்லை.

சரி, வலி வராத உடம்பு ஒன்று கையில் இருக்கிறது, நரம்பைத் திருப்பித் தர முடியவில்லை. அப்போது என்ன செய்வது? வேலூரில் கையுறைக்கு வெகுகாலம் முன்பே இதற்கு வேலை நடந்திருக்கிறது. உணர்ச்சியற்ற பாதங்களுக்கு மைக்ரோசெல்லுலார் ரப்பரில் மெத்தென்ற செருப்பு செய்தார்கள். எங்கிருந்து வந்தது இந்தக் கொப்புளம், எப்போது, எதைத் தொட்டபோது என்று ஒவ்வொரு காயத்தையும் கேட்டுக் கேட்டுத் தடம் பிடித்தார்கள். தனக்கு வலிக்காததை இன்னொருவர் கண் பார்த்துச் சொன்னது. அப்படியும் சில நோயாளிகளுக்கு இரவில் படுக்கும்போது இருந்த விரலின் நுனி காலையில் இல்லாமல் போனது. ஒரு இரவு விழித்திருந்து பார்த்தபோதுதான் புரிந்தது, எலி. வலி இல்லாததால் யாரும் விழிக்கவில்லை. அதற்கப்புறம் சிகிச்சை முடிந்து ஊருக்குப் போகிற நோயாளியின் கையில் மருந்தோடும் செருப்போடும் ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள்.